நாரிப் பட்டி

…காரின் மூக்கைத் தெருப்பக்கம் திருப்பித்தான் நிறுத்தியிருக்கிறான், நிறுத்தி எஞ்சினையும் அணைத்த பிறகுதான் செபமாலைமுத்து அதைக் கவனித்தான், பரவாயில்லை, முன்பென்றால் இதையெல்லாம் யோசித்து யோசித்துச் செய்யவேண்டியிருந்தது, எந்தப் பக்கத்தால் வெளியேறலாம், பின்னால் வருகிற கார் எவ்வளவு நேரமாகப் பின்னாலேயே வருகிறது, எதிரே நடந்து வருகிறவன் ஏன் கையைச் சட்டைப்பையை விட்டு எடுக்கிறானில்லை… இப்போது அது மூச்சு விடுகிற மாதிரித் தன்பாட்டில் நடக்கிறது. கோயில் வாசலில் இடம் சும்மா கிடக்க, இரண்டு தெரு தள்ளி என்னத்துக்கு விடுகிறீர்கள் என்று மரியநாயகி தொடங்கினாள், பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் புருசனோடு வாய் காட்டக் கூடாதென்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். பின் சீட்டிலிருந்து மகள் இறங்கினாள், ஒன்பது வயது, மேரிசாந்தி என்ற முழுப்பெயர் பள்ளிக்கூடத்தாருக்கு வாயில் நுழையாததால் சாந்தியாகிப் போனவள், வெள்ளைச் சட்டை கசங்கிவிடும் என்று நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினாள். அவன் கடைசியாக இறங்கினான், இறங்கும்போது வலது முழங்கை இடுப்பின் வலது பக்கத்தை ஒருமுறை உரசிவிட்டு வந்தது, இருக்கிறது, எங்கே போகப்போகிறது. "நாரி நோகுதோ?" என்று மரியநாயகி கேட்டாள். "இல்லையப்பா, இண்டைக்குப் பரவாயில்லை" என்றான்.

நாரி. டைல் அடிக்கிறவனுக்கு முதுகின் அடிப்பக்கம் நோகாமல் வேறு எது நோகும், ஆறு வருடமாக லண்டனின் குளியலறைகளில் முழங்காலில் நின்று மற்றவர்களுடைய சுவருக்கு டைல் ஒட்டியவன், அதற்கு முன் ஒன்பது வருடம் பாரிசில் இதே முழங்கால், இதே வேலை, அவன் பெப்ரவரியில் ஒரு நாரிப் பட்டியை வாங்கி வந்து கட்டியபோது யாருக்குச் சந்தேகம் வரும். கறுப்புப் பட்டி, ஒரு சாண் அகலம், இழுத்து ஒட்டினால் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும். அதன் வலப்பக்கத்து உட்புறத்தில் ஒரு தோல் உறையை அவனே கராஜுக்குள் இருந்து ஊசி வளைய வளையத் தைத்தான், உறைக்குள் சாமான். துவக்கு என்றோ துப்பாக்கி என்றோ அவன் மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, சாமான், அவ்வளவுதான், சுத்தியல் மாதிரி, கரண்டி மாதிரி. பாவம் மரியநாயகி, அவனுடைய நாரிக்காக ஒன்பது நாள் நவநாள் வைத்தாள், சித்தாலேபத் தைலம் வாங்கி வந்து பூசட்டா என்று கேட்டாள், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊரெல்லாம் சொல்லியும் விட்டாள், இப்போது கோயிலில் காண்கிற பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள், ஆமணக்கெண்ணெய் என்கிறாள் ஒருத்தி, முருங்கையிலை என்கிறாள் இன்னொருத்தி. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சொல்லிவைத்தவன் ஆரென்று தெரியவில்லை, கண்டால் ஒருக்கால் கேட்கவேண்டும். கனம் இல்லாத காலத்தில்தான் அவனுக்கு வழியெல்லாம் பயமாக இருந்தது.

பயம் என்றால் சும்மா பயமா… நவம்பரில் பெற்றோல் செற்றில் காருக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு நின்றபோது, பட்டப்பகலில், மூன்று பேர் வாளோடு இறங்கி ஒருவனைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள், எல்லாம் எங்கட சனம்தான், வெட்டினவனும் வெட்டு வாங்கினவனும். பார்த்தவர்கள் பத்துப் பேர், பார்த்தேன் என்று பொலிசுக்குச் சொன்னவன் அவன் ஒருவன். ஏன் சொன்னான், இன்றைக்கும் தெரியவில்லை, விழுந்து கிடந்தவன் அவனுடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான், பிடியை விடவேயில்லை, அதனாலோ என்னவோ. வழக்கு ஜூன் எட்டாம் திகதி. ஜனவரியில் ஒருவன் போன் பண்ணினான், ரெய்னர்ஸ் லேனில் வீடு, குளியலறை முழுக்க டைல் மாற்றவேண்டும், வந்து அளந்து விலை சொல்லுங்கோ அண்ணை. போனான். வெறும் வீடு, தளபாடம் எதுவும் இல்லை, நல்ல மரியாதையான மனிதன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான், அளவு நாடாவின் மற்ற நுனியை அவனே பிடித்துக்கொண்டான், பிடித்துக்கொண்டு நின்றபடியே, "அண்ணை, உங்கட பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பச்சைக் கேற் என்ன" என்றான். "ஜூனில நீங்கள் நல்லா யோசிச்சுச் சொல்லுவியள், எனக்குத் தெரியும்" என்றான். பிறகு குனிந்து நாடாவைப் பார்த்து, "ரெண்டு மீற்றர் பத்து" என்று வாசித்தான், முத்துவும் அதைக் கொப்பியில் எழுதினான். எழுதினானே, அந்த வெட்கம்தான் இன்னும் போகவில்லை. பொலிசில் ஒரு தொலைபேசி எண் தந்தார்கள், எதுவென்றாலும் எடுங்கள் என்றார்கள், பச்சைக் கேற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த எண்ணை வைத்து அவன் என்ன செய்வது.

சாமான் வந்த வழி வேண்டாம், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன், அவ்வளவுதான். மன்னாரில் வளர்ந்தபோது எந்தச் சந்தியிலும் துவக்கைக் கண்டவன் அவன், ஒன்றையும் தொட்டவனில்லை, தொடக்கூடாதென்றுதான் பிரான்சுக்கே ஓடினான், ஓடி ஓடிக் கடைசியில் லண்டனில், வீடிருக்கிற கோலியர்ஸ் வுட்டில் வந்து தொட்டான், இதை யாரிடம் சொல்லி அழ. முதல் கிழமை அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தான், ரவை இல்லாமல், வெறும் சாமான், சோபாவில் இருந்தால் விலாவில் குத்தியது, குனிந்தால் இடுப்பில் இடித்தது, காலைக்கடன் கழிக்கப் போனால் அது ஒரு பெரிய திருவிழா, தெருவில் இறங்கினால் கோலியர்ஸ் வுட் முழுவதும் தன் இடுப்பையே பார்க்கிறதென்று தோன்றியது, பேருந்து ஓட்டுநர் வணக்கம் சொன்னால்கூடக் கை நடுங்கியது. பிடிபட்டால் ஐந்து வருடம், பேசாமல் உள்ளே போகவேண்டியதுதான், சாந்திக்குப் பதினான்கு வயதாகிவிடும். பிறகு ரவைகளைப் போட்டான், சுடுகிற குழலுக்குள் ஒன்றையும் ஏற்றாமல். பிறகு யோசித்தான், அந்த நாடாக்காரன் வருகிறபோது பொறு தம்பி, இழுத்து ஏற்றிவிட்டு வாறன் என்று சொல்லவா முடியும். ஆனால் ஏற்றி வைத்தால் தன்பாட்டில் வெடித்துவிட்டால்… அதனால் ரவை இல்லாத வெறும் சாமானில், ரவையை அடிக்கிற சுத்தியை உயர்த்தி வைத்துப் பதினான்கு நாள் வேலைக்குப் போனான், குனிந்தான், முழங்காலில் நின்றான், பசை வாளி தூக்கினான், ஒவ்வொரு பின்னேரமும் கராஜில் கழற்றிப் பார்த்தான், சுத்தி விழுந்திருக்கவில்லை, பதினான்கு நாளும் விழவில்லை. ஆக அது தன்பாட்டில் ஒன்றும் செய்யாது, கை போனால்தான் செய்யும். பதினைந்தாம் நாள் ஏற்றினான். அன்று முழுக்க மூச்சை அளந்து விட்டான், மூன்றாம் நாள் அளக்கவில்லை, பத்தாம் நாள் மரியநாயகியோடு மரக்கறி வாங்கி, பேரம் பேசி, வீட்டுக்கு வந்து இரண்டு மணிநேரம் கழித்துத்தான் அது இடுப்பில் இருப்பதே நினைவு வந்தது. நன்றாக நித்திரை கொண்டான் அன்று.

கோயிலுக்குள் சனம் நிறைந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுடைய கோயில், பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு மட்டும் அவர்கள் தமிழருக்கு விட்டுத்தருவார்கள், மன்னார்ச் சனம், யாழ்ப்பாணத்துச் சனம், சப்பாத்துகளை வெளியே கழற்றவேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் வாசலில் ஒரு குவியல் கிடக்கும். அவன் போய்ப் பின்வரிசையில் சுவரோரம் இருந்தான், முதுகுக்குச் சுவர், வலப்பக்கம் தூண், மூன்று கதவு, ஒன்று பூட்டு, கன்னியாஸ்திரிகள் மாதிரி முன்வரிசையில் இருந்து செபம் சொன்ன மனிதன்தானா நான் என்று ஒரு கணம் நினைத்தான், நினைத்துவிட்டுக் கதவுகளை இன்னொருமுறை எண்ணினான். அப்போதுதான் பெர்னடெற் அக்கா வந்தா. கோயில் காரியமெல்லாம் அவவுடைய கையில்தான், பூசை வைக்கிற சுவாமிக்கே அவதான் நேரம் சொல்லவேண்டும். "முத்து, நீ ஒருக்கா எழும்பி வா" என்றா, "பியற்றிஸின்ர மனிசன் நாலு நாளாய்ப் போரை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால குந்திக்கொண்டு இருக்கிறார், வரமாட்டாராம், உடம்பு பிடிக்க ஆளில்லை." உடம்பு என்றால் ஆண்டவரின் உடம்பு. ஊர் முறை அது, சிலுவையில் அறைந்த ஆளுயரச் சொரூபத்தை, தோளில் கீல் வைத்துக் கை மடங்கும்படி செய்த மரச் சொரூபத்தை, பெரிய வெள்ளியன்று ஆணி கழற்றி இறக்குவார்கள், மூன்று வருடத்துக்கு முன் கப்பலில் அதை எடுப்பித்திருந்தார்கள். ஒருவன் ஏணியில் நின்று ஆணி கழற்றுவான், ஒருவன் கீழே நின்று உடம்பைக் கட்டிப் பிடித்துப் பாரத்தைத் தாங்குவான். "எனக்கு நாரி ஏலாதக்கா" என்றான். "தெரியும், பட்டியோட பிடி. நீ ஊரில பிடிச்சனி, இஞ்ச மற்றவங்களுக்கு முறை தெரியாது. வன்னியில சனம் சாகுது, இந்த வருசம் பாத்து இதைச் செய்யாமல் விடவோ?" என்றா. அவவுடைய தம்பி அங்கே, மூன்று கிழமையாக ஒரு செய்தியும் இல்லை. அதற்குப் பிறகு ஏலாது என்று எப்படிச் சொல்வது.

பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் வெள்ளை வேட்டியும் பெனியனும் நீளச் சால்வையும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் சின்னக் கழிவறை, உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டு நின்றான். யோசி. காருக்குள் கொண்டுபோய் வைக்கலாம், இரண்டு தெரு நடக்கவேண்டும், ஏன் அவ்வளவு தூரத்தில் விட்டாய் விசரா. இங்கேயே தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைக்கலாம், பாடற்காரரின் பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் ஓடி வருகிற இடம், வேண்டாம். சரி, ஏற்றின ரவையையாவது வெளியே எடுக்கலாமே, மூன்று விநாடி வேலை, எடுத்து வேட்டி மடிப்புக்குள் சொருகிக்கொண்டு போகலாம், ஆண்டவரைக் கட்டிப் பிடிக்கப் போகிறாய், அவரின் காலுக்கும் உன் வயிற்றுக்கும் நடுவில் சுத்தி உயர்ந்தபடி அது நிற்கப்போகிறது, எடுத்துவிடு. கை பட்டியில் போய்ப் பிடியில் நின்றது. இருநூறு சனம், இரண்டு கதவு திறந்தபடி, இன்றைக்கு இந்த நேரத்துக்கு அவன் இங்கேதான் நிற்பான் என்று உலகத்துக்கே தெரியும், அந்த அளவு நாடாக்காரனும் ஒருவேளை ஞானஸ்நானம் எடுத்தவன்தானோ… என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த நேரம் அவனுக்கு ஒரு துளிகூடப் பயமில்லை. அலுப்பு. எடுப்பதும் திரும்ப ஏற்றுவதும் அலுப்பு, அவ்வளவு பழகிவிட்டது. பட்டியை இன்னும் ஒரு பிடி இறுக்கினான், வெளியே வந்தான். பெர்னடெற் அக்கா சால்வையை அவனுடைய இடத்தோளில் போட்டுக் குறுக்கே இறக்கி வலது இடுப்பை மூடித் தொங்கவிட்டா, கை பட்டியில் பட்டது, "நல்ல இறுக்கமாய்த்தான் கட்டியிருக்கிறாய், இனிப் பயமில்லை" என்றா.

சிலுவை பீடத்துக்கு முன்னால் நின்றது. அதற்குப் பின்புறமாக ஏணி, ஏணியில் மரியநாயகியின் தம்பி டெனுசன், இருபத்தாறு வயது, நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன், ஊரைக் கண்ணால் கண்ட ஞாபகம் இல்லாதவன், ஆனால் இதில் அவ்வளவு விருப்பம், ஏணியில் ஏறுவது இதுதான் முதல் தரம், யாரோ ஊரில் எடுத்த வீடியோவை ஐம்பது தரம் பார்த்துப் பழகியிருந்தான். "அத்தான், டோன்ட் வொறி, நான் பாத்துப் பாத்துச் செய்யிறன்" என்று மேலேயிருந்து கிசுகிசுத்தான். முத்து சிலுவையைப் பார்த்து நின்று சொரூபத்தின் தொடைகளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான், கன்னம் மரத்தில் பட்டது, வார்னிஷ் மணம், வயிற்றில் சாமான் அழுத்தியது, வழக்கமான அழுத்தம்தான், அது ஒன்றுதான் அங்கே பழகின ஆள் மாதிரி இருந்தது. வலப்பக்கத்தில் இரண்டடி தள்ளிச் சாந்தி, கையில் பித்தளைத் தட்டு, கழற்றுகிற ஆணிகளை வாங்கிக்கொள்ள ஒரு பெண்பிள்ளை நிற்கவேண்டும், மூன்று கிழமையாக வீட்டில் சோற்றுத் தட்டை ஏந்திப் பழகியவள். பெண்கள் புலம்பல் எடுத்தார்கள். சிலுவையடியில் தாய் நின்று பாடுகிற புலம்பல், வருடா வருடம் பாடுவதுதான், ஆனால் இந்த வருடம் நாலாம் அடியில் பெர்னடெற் அக்காவின் குரல் உடைந்தது, பிறகு யாருமே பாடவில்லை, இருநூறு சனமும் வாய்விட்டு அழுதது, ஆண்டவருக்காக அழுதார்களா அங்கே பதுங்குகுழியில் கிடக்கிற தங்கச்சிக்கும் தம்பிக்குமாக அழுதார்களா, யார் பிரித்துப் பார்க்கிறது. அவனுடைய கண் இரண்டும் வாசல் பக்கம் போக முயன்றுகொண்டே இருந்தன, முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர், இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு அவன் மூன்று மாதத்தில் நின்றதேயில்லை.

முறை என்னவென்றால் முதலில் ஆண்டவரின் வலது கை, பிறகு இடது கை, பிறகு கால். ஒவ்வொரு ஆணியைப் பிடுங்கமுதலும் சிலுவையில் மூன்று தரம் தட்டவேண்டும், கீழே நிற்கிறவன் தோளைக் கொடுப்பதற்காக. முத்து இடத்தோளைத் தயாராக உயர்த்தி வைத்து அந்தத் தட்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தான். டெனுசன் பாவம் என்ன செய்வான், வீடியோ எடுத்தவன் சனத்துக்குள் நின்று எடுத்தது, படத்தில் இடப்பக்கத்து ஆணிதான் முதலில் வருகிறது, அவன் சிலுவைக்குப் பின்னால் நின்று தன் இடப்பக்கத்து ஆணியைப் பிடுங்கினான், மூன்று தட்டு என்ற சங்கதியே அவனுக்குத் தெரியாது, வீடியோவில் அழுகைச் சத்தத்துக்குள் அது கேட்டிருக்கவே முடியாது. எதிர்பாராத பக்கத்திலிருந்து, பின்னால், மேலேயிருந்து, ஒரு ஆம்பிளைக் கை முத்துவின் வலது தோளில் விழுந்து பிடரியைப் பிடித்தது. அண்ணை என்று சொன்னமாதிரிக்கூட இருந்தது. பிறகு நடந்ததில் அவனுக்குப் பங்கு இருந்ததா, இப்போதும் சொல்லமுடியாது, வலது கை சொரூபத்தை விட்டது, சால்வைக்குள்ளே போனது, பிடியைப் பிடித்து உருவியது, விரல் போகவேண்டிய இடத்துக்குப் போனது, உடம்பு இடப்பக்கம் சாய்ந்து பாரத்தை ஒற்றைக் கையில் வாங்கிக்கொண்டது, சாமான் சால்வைக்குள்ளே வலப்பக்கம் பார்த்து நீண்டு நின்றது, எல்லாம் ஒரு கண்வெட்டுக்குள், எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு அமைதியாக. தலையைத் திருப்பினான். பின்னால் ஒருவரும் இல்லை. தோளில் கிடந்தது வர்ணம் பூசிய மரக் கை, உள்ளங்கையில் ஆணித் துளை.

வலப்பக்கத்தில் சாந்தி.

"அவருக்கு நாரி பிடிச்சிட்டுது" என்று மரியநாயகியின் குரல் முன்வரிசையிலிருந்து வந்தது, ஐயோ மாதாவே, சொன்னன்தானே, யாராவது போய்ப் பிடியுங்கோவன் என்று பெண்கள் எழும்பினார்கள், அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து நிற்பதைத்தான் எல்லாரும் கண்டார்கள், வேறென்ன காண்பார்கள், இரண்டு மாதமாக அதைத்தானே சொல்லிவைத்திருக்கிறான். சாந்திதான் கிட்ட நின்றவள், அவள் யாரையும் பார்க்கவில்லை, ஒரு அடி முன்னால் வந்தாள், இன்னொரு அடி, தட்டை ஏந்தியபடியே வந்து அவனை ஒட்டி நின்றாள், சால்வைக்குள்ளிருந்த சாமானின் வாய் தட்டின் விளிம்பில் முட்டியது, அவனுக்கு மட்டும் கேட்கிற ஒரு சின்னச் சத்தம். "அப்பா, நோகுதா?" என்றாள், பிறகு குரலைக் குறைத்து, "உங்கட பெல்ற் தட்டில இடிக்குது" என்றாள். அது சாந்தி என்று அவனுக்குத் தெரிந்தது. தட்டுக்கு மேலே அவளுடைய வெள்ளைச் சட்டையின் பொத்தான்கள் நான்கு தெரிந்தன, எண்ணினான்கூட. தெரிந்த பிறகும் விரல் உடனே வரவில்லை. எவ்வளவு நேரம், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு… எடு என்று சொல்லிக் காத்திருந்தான், யாரோ ஒரு வேலையாளிடம் சொல்லிவிட்டு நிற்கிறமாதிரி, பிறகுதான் விரல் வெளியே வந்தது, பிறகு கை, பிறகு சாமான் உறைக்குள் போனது, அவசரமில்லாமல், சரியான இடத்தில், பார்க்காமலே. "நோகேல்லையம்மா" என்றான். மேலே டெனுசன் விறைத்துப்போய் நின்றான். "மற்றக் கையைக் கழற்று" என்று முத்து சொன்னான், தட்டிப்போட்டுக் கழற்று, மூன்று தரம் தட்டு. இரண்டாவது கை இடத்தோளுக்கு வந்தது, காலாணி கழன்றது, ஆண்டவரின் முழுப் பாரமும் அவன்மேல் சாய்ந்தது, இரண்டு கையாலும் கட்டி இறக்கி வெள்ளைத் துணியில் கிடத்தினான், சனம் முழங்காலில் நடந்து காலில் முத்தமிட்டு முத்தி செய்ய வந்தது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பிறகு பக்கத்து மண்டபத்தில் கஞ்சி கொடுத்தார்கள், பாலும் உப்பும் இல்லாத பெரிய வெள்ளிக் கஞ்சி. டெனுசன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, "நான் மாறிக் கழட்டிப்போட்டன் அத்தான், சுருவம் விழப்போகுதெண்டு நினைச்சன், நீங்கள் ஒற்றைக் கையால தாங்கினியள், எல்லாரும் அழுது நடுங்கினம், நீங்கள் மட்டும் ஆடேல்லை" என்றான். பெர்னடெற் அக்கா அதற்கு ஓம் போட்டா, அடுத்த வருசமும் முத்துதான் என்று சுவாமியிடமே சொல்லிவிட்டா. அவன் கோப்பையைப் பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்தான், கஞ்சியின் மேல்தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை, அப்படி நின்றது கை. நெஞ்சில் இடது கையை வைத்துப் பார்த்தான், அதுவும் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. பேருந்து ஓட்டுநர் வணக்கம் சொன்னதற்கே நடுங்கின மனிதன் எங்கே போனான், அவன் இன்றைக்கு இருந்திருந்தால் இந்நேரம் கழிவறையில் ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டு, மரியநாயகியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு இருப்பான், நான் ஏன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன், இனிக் கட்டுவதில்லை என்று இப்போதாவது சத்தியம் பண்ணு, இன்றைக்குப் பண்ணாமல் வேறு எந்த நாளில் பண்ணப்போகிறாய்… சரி, பண்ணலாம், ஆனால் திங்கட்கிழமை செவன் கிங்சில் புது வேலையிடம், யாரென்று தெரியாத ஆள், தனியாகப் போகவேண்டும், அளக்கவேண்டும். ஜூன் எட்டு வரைக்கும்தானே. எட்டாம் திகதி முடிந்தால் கழற்றிவிடலாம், முடியாவிட்டால், அதை அப்போது பார்க்கலாம். கஞ்சி ஆறிவிட்டது, குடித்து முடித்தான்.

வெளியே வந்தபோது நாலரை மணி, நல்ல வெயில், ஏப்ரல் மாதத்துக்கு அது அதிகம். மரியநாயகி பின்னால் யாரோடோ நின்று அவனுடைய நாரிக்கு இனி என்ன செய்வது என்று கதைத்துக்கொண்டிருந்தாள், நீங்கள் நடவுங்கோ, வாறன் என்று கையைக் காட்டினாள். சாந்தி அவனுக்கு வலப்பக்கமாக வந்தாள், ஆணிகளைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்ட பெருமை முகத்தில் இருந்தது, மூன்று ஆணியும் சரியான பாரமாம், கை உளைந்ததாம், அடுத்த வருடமும் தன்னையே விடச் சொல்லவேண்டுமாம். சொல்லிக்கொண்டே அவனுடைய வலது கையைப் பிடித்தாள், சின்னக் கை, பித்தளை மணத்தது. அவனுக்கு அழவேண்டும் போல இருந்தது, இப்படியே வீடுவரைக்கும் பிடித்துக்கொண்டு போகலாம் என்று இருந்தது. நாலு எட்டு வைத்திருப்பார்கள், எதிர்ப்பக்கத்தில் ஒருவன் வந்தான், யாரோ, வெள்ளைக்காரன், நாயோடு போகிறவன். சாந்தி பேச்சை நிறுத்தாமலே அப்பாவுடைய வலது கையை விட்டாள், அவனுக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்தாள், இடது கையைப் பிடித்தாள், ஆணிக் கதையைத் தொடர்ந்தாள்.

அவன் நின்றுவிட்டான். "ஏன் இஞ்சால வந்தனி?" என்று கேட்டான்.

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "நீங்கள்தானே அப்பா ஒவ்வொரு நாளும் மாத்துவியள்" என்றாள், "ஆக்கள் வந்தால் நான் இந்தப் பக்கம்." பள்ளிக்கூடத்தால் வரும்போதும் அப்படித்தானாம், கடையிலும் அப்படித்தானாம், முதலில் தோளைப் பிடித்து மாற்றுவானாம், இப்போது அவளே வந்துவிடுகிறாளாம், பழகிவிட்டதாம். சொல்லிவிட்டு அவனுடைய கையை இழுத்தாள், வாங்கோ, காருக்கு இன்னும் ரெண்டு தெரு இருக்கு. அவன் நடந்தான். எப்போது சொன்னேன், எந்த நாளில் முதல்முதலாக அந்தத் தோளைப் பிடித்து மாற்றினேன் என்று யோசித்துப் பார்த்தான், ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை, நாய்க்காரன் கடந்து போனான், சாந்தி இடப்பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள், வலது கை சும்மா தொங்கியது.